ஆட்டு வயிற்றில் வந்த முள்

விதைகள் எப்படியெல்லாம் பரவுகின்றன என்று ஆறாம் வகுப்பில் ஒரு பாடம் இருந்தது. எருக்கம் பஞ்சு காற்றில் பறக்கும், தேங்காய் தண்ணீரில் மிதந்து போகும், நாயுருவி பாவாடையில் ஒட்டிக்கொண்டு வீடு வரை வரும். டீச்சர் அதை இயற்கையின் அதிசயம் என்று சொல்லிச் சொல்லி நடத்தினார். நானும் பரீட்சையில் படம் வரைந்து முழு மதிப்பெண் வாங்கினேன். அந்தப் பாடத்தில் பங்காளி என்று ஒரு வகை கிடையாது. எங்கள் காட்டுக்கு விதை வந்தது அந்த வகையில்தான். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து லாரியில் வந்து, கடைசிக் கொஞ்ச தூரத்தை ஆட்டு வயிற்றில் கடந்தது. அனுப்பி வைத்தவர் என் அப்பாவின் அண்ணன், என் பெரியப்பா.

வெள்ளகோவிலுக்குத் தெற்கே, தார்ரோட்டை ஒட்டி எங்களுக்கு நாலு ஏக்கர் மேட்டுக்காடு, அதாவது மானாவாரி நிலம், இருந்தது. பாகம் பிரித்தபோது சீட்டுப் போட்டுத்தான் பிரித்தார்கள். கிணற்றோடு சேர்ந்த உள்தோட்டம் பெரியப்பாவுக்கு, தண்ணீர் இல்லாத ரோட்டோரக் காடு அப்பாவுக்கு. அன்றைக்கு எல்லோரும் அப்பாவைப் பார்த்துப் பாவப்பட்டார்களாம். பெரியப்பா திருப்பூர் வீரபாண்டியில் பனியன் கம்பெனி வைத்துப் பெரிய ஆளான பிறகுதான் தண்ணீரைவிட ரோடு பெரிது என்று அவருக்குப் புரிந்தது. எங்கள் ஊர்ப் பக்கத்துப் பெண்களைத் தினமும் வேனில் ஏற்றித் திருப்பூருக்குக் கொண்டுபோவதைவிட, கம்பெனியையே பெண்கள் இருக்கிற இடத்துக்குக் கொண்டு வந்துவிடலாம் என்று கணக்குப் போட்டார். அதற்கு ரோட்டோரம் இடம் வேண்டும். அப்பா மாரடைப்பில் போய்ச் சேர்ந்து காரியம் முடிந்த கையோடு அம்மாவிடம் கேட்டார்.

"அம்மிணி, அந்த ரோட்டுக்காட்டை எனக்குக் குடுத்துருங்க. வெளியாளுக்குப் போறதுக்கு நம்ம கைக்குள்ளயே இருக்கட்டும்."

"இல்லீங்க மாமா. மாட்டுக்குத் தட்டு அங்கதானுங்க வருது."

அம்மா சொன்னது சாக்கு இல்லை. அந்தக் காட்டில் விளையும் சோளத்தட்டை நம்பித்தான் எங்கள் வீட்டில் மாடுகள் நின்றன. மாடு இருந்தால் சொசைட்டிக்குப் பால் ஊற்றலாம். பால் ஊற்றினால் யார் வாசலிலும் போய் நிற்க வேண்டாம். குறிப்பாக, மாமா என்று அவள் கூப்பிடும் கணவனின் அண்ணன் வாசலில். அம்மாவுக்கு வாழ்க்கையில் இருந்த ஒரே வைராக்கியம் அது. அவர் சோற்றைத் தின்னக் கூடாது. அந்த நாலு ஏக்கர் போனால் வைராக்கியமும் போய்விடும் என்று அவளுக்குத் தெரியும், பெரியப்பாவுக்கும் தெரியும்.

எங்கள் பக்கத்து மரியாதையைப் பற்றி வெளியூர்க்காரர்கள் வாய் நிறையப் பேசுவார்கள். குழந்தையிடம்கூட 'ங்க' போட்டுப் பேசுகிறவர்கள் என்பார்கள். உண்மைதான். கழுத்தை அறுப்பதாக இருந்தாலும் 'கொஞ்சம் நிமிந்து நில்லுங்க' என்று சொல்லித்தான் அறுப்பார்கள். பெரியப்பா அம்மாவின் பதிலைக் கேட்டுவிட்டுச் சிரித்தார். "சேரிங்க அம்மிணி, உங்க இஷ்டம்" என்று எழுந்து போனார். நான் அப்போது அவருடைய கம்பெனியில்தான் செக்கிங்கில் இருந்தேன். கூலி வாங்கலாம், சோறு கூடாது என்று மத்தியானச் சாப்பாட்டை அம்மா கட்டிக் கொடுத்துவிடுவாள். என்னை அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அந்தக் கோடையில் எங்கள் காட்டுக்குக் கிடை வந்தது. கிடை என்றால், தெற்கத்திச் சீமையிலிருந்து செம்மறி ஆடுகளை ஓட்டிக்கொண்டு வருகிறவர்கள் ராத்திரியில் அவற்றை நம் காட்டில் மடக்கி வைப்பது. புழுக்கையும் மூத்திரமும் மண்ணில் விழும். அதைவிட நல்ல உரம் கிடையாது. காட்டுக்காரர்கள் கிடைக்காரர்களுக்குக் காசும் அரிசியும் கொடுக்க வேண்டும். அப்பா இறந்த அந்த வருடம் அம்மாவால் அது முடியாத காரியம். பெரியப்பா தன் செலவில் அனுப்பி வைத்தார். "தம்பி இல்லாத கொறை தெரியப்படாதுங்க" என்று ஊர் கேட்கச் சொன்னார். ஊரே உருகியது. தம்பி பெண்டாட்டி நிலத்தைக் கொடுக்க மாட்டேன் என்று சொல்லியும் இப்படிச் செய்கிறாரே என்று டீக்கடையில் பேசினார்கள். அம்மாவுக்கும் கண்கள் கலங்கின. அவரைத் தப்பாக நினைத்துவிட்டோமோ என்று என்னிடம் ரெண்டு மூன்று தடவை கேட்டாள்.

கிடை வருவதற்கு ரெண்டு நாள் முன்பு கம்பெனியில் ஒரு லாரி வந்து நின்றது. தூத்துக்குடித் துறைமுகத்தில் சரக்கை இறக்கிவிட்டுத் திரும்புகிற லாரி. எப்போதும் காலியாக வரும். அன்றைக்குச் சாக்கு மூட்டைகள் இருந்தன. ஒரு மூட்டை கிழிந்து மஞ்சள் நிறக் காய்கள் லோடிங் மேடையெல்லாம் சிதறின. வெல்லம் போல வாசம். சீமைக்கருவேலங்காய். எங்கள் பக்கமும் அந்த மரம் இல்லாமலில்லை, நொய்யல் கரை முழுக்க அதுதான். ஆனால் மூட்டை மூட்டையாகப் பொறுக்கி விற்க ஆள் தெற்கேதான் உண்டு. பேக்கிங் சூப்பர்வைசர் கத்தினார். பெட்டிக்குள் ஒரு விதை போனாலும் சரக்கு வாங்குகிற வெளிநாட்டுப் பையர் கொன்றுவிடுவான், கூட்டுங்கள் என்றார். நானும் இன்னொருத்தியும் கூட்டி அள்ளினோம். அந்த மரமே எந்தக் காலத்திலோ கடல் தாண்டி இங்கே வந்தது. பனியன் கப்பலேறப் போன லாரியில் அதன் காய் திரும்பி வருகிறது. பெரியப்பா கிடை ஆடுகளுக்குத் தீனி வாங்கியிருக்கிறார் என்று வாட்ச்மேன் சொன்னபோது, ஆட்டுக்கெல்லாம் இவ்வளவு செய்கிறாரே என்று நான்கூட நினைத்தேன்.

ஒரு வாரம் ஆடுகள் எங்கள் காட்டில் படுத்தன. கிடைக்காரர் பெண்டாட்டி காலையிலும் மாலையிலும் சாக்கை அவிழ்த்துக் காயைக் கொட்டுவாள், ஆடுகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறித் தின்னும். அம்மா வேலியோரம் நின்று பார்த்தாள். தின்ன தின்னப் புழுக்கை அதிகம் விழும் என்று சந்தோஷப்பட்டாள்.

இங்கே எங்கள் ஊர் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். மழை குறைந்த எங்கள் பக்கத்தில் உழாமல் மாடு மேய விடும் புல்காடு உண்டு, கொரங்காடு என்போம். அதில் வெள்வேல மரம் நிற்க வேண்டும். நிழலும் அதுதான், கோடையில் ஆடு மாட்டுக்குக் காயும் அதுதான். அந்த மரத்தின் விதையை அப்படியே மண்ணில் போட்டால் லேசில் முளைக்காது, தோல் அவ்வளவு கெட்டி. அதனால் காயை ஆட்டுக்குப் போட்டு, அந்த ஆட்டைக் காட்டில் மடக்குவார்கள். ஆட்டின் வயிற்றுக்குள் போய் ஊறி வெளியே வருகிற விதை முளைத்துவிடும். விதைக்கிறவன் கை படாமல் விதைப்பு நடந்துவிடும். பெரியப்பா வாலிபத்தில் எங்கள் கொரங்காடு முழுவதையும் இப்படித்தான் மரமாக்கினார். இந்த வித்தையில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை என்று அப்பாவே சொல்லியிருக்கிறார்.

ஆவணியில் மழை பெய்தது. அம்மா உழுது தீவனச் சோளத்தை நெருக்கமாக விதைத்தாள். நெருக்கி விதைத்த சோளத்துக்குக் களை எடுப்பது கிடையாது, உள்ளே யாரும் நுழையவும் மாட்டார்கள். தையில் தட்டு அறுத்தபோதுதான் அடியில் கன்றுகள் தெரிந்தன. முழங்கால் உயரம், பொடி இலை, பிஞ்சு முள். ஒன்று ரெண்டல்ல, காடு முழுக்க. அம்மா அரிவாளைக் கீழே வைத்துவிட்டுக் கும்பிட்டாள்.

"வெள்ளவேலா, கண்ணு! மாமா போட்ட கிடைல வெள்ளவேலா மொளைச்சிருக்குது பாரு!"

சின்னதில் வெள்வேலமும் சீமைக்கருவேலமும் கொஞ்சம் ஒரே மாதிரிதான் இருக்கும். ஆனால் பிறந்ததிலிருந்து காட்டில் கிடந்தவளுக்குத் தெரியாமல் போகாது. கண் தான் ஆசைப்பட்டதைத்தான் பார்த்தது. எங்கள் ஆட்களைத் தவிர வேறு யாரும் இப்படி ஏமாற மாட்டார்கள். வேறு ஊர்க்காரன் முள்செடியைப் பார்த்தால் வெட்டியிருப்பான். கொரங்காடாகிவிட்டால் உழவுச் செலவில்லாமல் மாடு மேயும் என்று எங்கள் அம்மா அதற்குக் காவல் இருந்தாள். கன்றுகளின் வேர் அறுந்துவிடும் என்று கோடை உழவு ஓட்டவில்லை. மாடுகள் தின்றுவிடும் என்று ஒன்றையும் உள்ளே விடவில்லை. பக்கத்துக் காட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "வேலிக்காத்தானாட்டம் இருக்குதுங்க" என்று சீமைக்கருவேலத்தின் ஊர்ப்பேரை மெதுவாகச் சொன்னார். அம்மா அவரோடு சண்டைக்குப் போனாள். அவர் காட்டில் யாரும் கிடை போடவில்லையென்று வயிற்றெரிச்சல் என்றாள்.

அடுத்த மழைக்கும் உழவில்லை. கன்றுகள் இடுப்புக்கு வந்தன. ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் கிடாரிக் கன்று கயிற்றை அறுத்துக்கொண்டு காட்டுக்குள் பாய்ந்தது. அம்மா குச்சியோடு ஓட, பின்னாலேயே நானும் ஓடினேன். கிடாரி காய்ந்த சோளக் கட்டையைக் கடித்தது. அருகம்புல்லை உருவியது. முள்கன்று ஒன்றை மோந்து பார்த்தது, விலகி அடுத்ததற்குப் போனது, அதையும் மோந்துவிட்டு விட்டது. அம்மாவின் ஓட்டம் நடையானது. பிறகு நின்றுவிட்டாள். ஒரு கொழுந்தை ஒடித்துக் கிடாரியின் வாயருகே நீட்டினாள். அது முகத்தைத் திருப்பிக்கொண்டது. வெள்வேலம் என்றால் மாடு இலையை விட்டு வைக்காது. சீமைக்கருவேலத்தின் காயை ஆடு மாடெல்லாம் தின்னும், இலையை எந்தக் கால்நடையும் தொடாது. தன்னைச் சுமந்து போக வயிறு வேண்டும், தன்னைத் தின்ன வாய் கூடாது. அப்படி ஒரு மரம்.

அம்மா கையிலிருந்த கொழுந்தைப் போடாமலே நின்றாள். நான்தான் கத்தினேன். லாரியில் வந்த மூட்டைகளைச் சொன்னேன், நான் கூட்டி அள்ளிய காயைச் சொன்னேன்.

"அவரு ஆட்டுக்குத் தெம்புக்குப் போட்டிருப்பாரு கண்ணு. மொளைக்குமின்னு நெனச்சிருக்க மாட்டாரு."

"கொரங்காடு முழுக்க மரம் மொளைக்க வெச்ச மனுசனுக்கு மொளைக்குமின்னு தெரியாதாம்மா?"

"தாயும் புள்ளையுமா இருக்கற எடத்துல அப்பிடிப் பேசாத" என்றாள்.

வெட்டினால் நாலு கிளையாகத் துளிர்க்கும் சனியன் அது. வேரோடு பிடுங்க வேண்டும். பெரியப்பாவிடம் ஒரு ஜேசிபி சொந்தமாக இருந்தது. அம்மா போய்க் கேட்டாள். "வண்டி பல்லடத்துல வேலையில நிக்குதுங்க அம்மிணி. வந்ததும் மொத வேலை உங்களுதுதான்" என்றார். வண்டி அங்கிருந்து வரவே இல்லை. கூலிக்கு எடுக்க வழியில்லை. அம்மா கடப்பாரையை எடுத்தாள். விடிந்ததும் பால் ஊற்றிவிட்டுப் போவாள், வெயில் தாளாமல் திரும்புவாள், சாயங்காலம் மறுபடி போவாள். நான் லீவு நாளில் கூடப் போவேன். ஒரு பக்கம் பிடுங்கி முடிப்பதற்குள் மழை ஒன்று பெய்து மறுபக்கத்தில் புதிதாக முளைத்திருக்கும். புழுக்கையோடு மண்ணுக்குள் போன விதைகள் அவசரமே இல்லாமல் ஒவ்வொன்றாக எழுந்தன. எனக்கு அழுகையும் ஆத்திரமுமாக வரும். அம்மாவுக்கு எதுவும் வராது. பிடுங்கிக்கொண்டே இருப்பாள்.

தட்டு இல்லாமல் போனதால் மாடுகளை ஒவ்வொன்றாக விற்றோம். கடைசியாகப் போனது அந்தக் கிடாரி.

அதே சமயத்தில் அம்மாவின் வலது காலில் முள் ஏறியது. செருப்பைத் துளைத்துக்கொண்டு பெருவிரலுக்கடியில் போய் ஒடிந்துவிட்டது. அவள் சொல்லவில்லை. மஞ்சள் வைத்துக் கட்டிக்கொண்டு மறுநாளும் காட்டுக்குப் போனாள். சர்க்கரை இருக்கிற உடம்பு என்பது ஆஸ்பத்திரியில் சொல்லித்தான் எங்களுக்கே தெரியும். அதற்குள் புரையோடியிருந்தது. பெருவிரலையும் அடுத்த விரலையும் எடுத்தார்கள். பெரியப்பா ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு பார்க்க வந்தார். கட்டிலருகே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, "வெரலு போனாப் போகுதுங்க, உசுரு இருக்குதல்ல. இன்னமே அந்தக் காட்டைக் கட்டிட்டு அழுவோணுமாங்க?" என்றார். அம்மா போர்வையை இழுத்துக் காலை மூடிக்கொண்டாள். அப்போதும் அவள் கொடுக்கிறேன் என்று சொல்லவில்லை. அவர் வேண்டுமென்று செய்யவில்லை என்கிற நம்பிக்கை அவளுக்கு இன்னும் மிச்சமிருந்தது. அந்த நம்பிக்கையில்தான் அவள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள் என்று நினைக்கிறேன். சொந்தக்காரர் தெரியாமல் செய்ததை எப்படியும் பிடுங்கிவிடலாம்.

அடுத்த கோடையில் அதே கிடைக்காரர்கள் எங்கள் ஊர் வழியாகப் போனார்கள். நடுவில் ஒரு வருடம் அவர்கள் இந்தப் பக்கம் வரவில்லை. அம்மா காட்டோரம் கட்டுப் போட்ட காலை நீட்டி உட்கார்ந்தபடி எட்டுகிற கன்றைப் பிடுங்கிக்கொண்டிருந்தாள். நான் கொஞ்சம் தள்ளி இருந்தேன். கிடைக்காரர் பெண்டாட்டி அடையாளம் கண்டு நின்றாள். முள்காட்டை ஒரு தடவை பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள்.

"என்ன தாயி, இன்னும் கட்டடம் எழுப்பலையா?"

"என்ன கட்டடம்?"

"இந்தக் காயப் போட்டா மொளைச்சுக் காடு பாழாப் போகுமேன்னு எங்க வீட்டுக்காரக கேட்டாக. 'அதப்பத்தி என்ன, அங்க கம்பெனிதான கட்டப்போறேன்'னு ஒங்க பெரியவுக சொன்னாகளே. அதுனாலதான தாயி போட்டோம்."

அம்மா முள்காட்டைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பெண்ணுக்கு ஏதோ புரிந்து, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு ஆடுகளின் பின்னால் வேகமாகப் போய்விட்டாள். அம்மா பிடுங்கிய கன்றைக் கையில் வைத்திருந்தாள். அதற்குப் பிறகு அவள் ஒரு கன்றைக்கூடப் பிடுங்கவில்லை.

மறுநாள் என்னோடு கம்பெனி வேனில் ஏறி வீரபாண்டிக்கு வந்தாள். நொண்டிக்கொண்டே மாடிப்படி ஏறி அவர் அறைக்குள் போனாள். நான் பின்னால் நின்றேன். அவர் எழுந்து நின்று வரவேற்றார், காப்பி கொண்டுவரச் சொன்னார். அம்மா வழியெல்லாம் எதையெதையோ பேசத் தயார் பண்ணிக்கொண்டு வந்திருப்பாள். அங்கே அவள் வாயில் வந்தது ஒரே கேள்விதான்.

"ஏனுங்க மாமா?"

அவர் மறுக்கவில்லை. என்னைப் பார்த்தார், பிறகு அம்மாவின் காலைப் பார்த்தார். "நான் மொத கேட்டப்பவே குடுத்திருந்தீங்கன்னா உங்களுக்கு இத்தனை செரமம் வந்திருக்காதுங்க அம்மிணி. காலும் நல்லாருந்திருக்கும். காப்பி ஆறுது, குடிங்க."

அம்மா டம்ளரை எடுத்துக் குடித்தாள். அதைத் தட்டிவிட எனக்குக் கை பரபரத்தது. தட்டிவிடவில்லை. கீழே வந்து என் கத்தரியையும் ஐடி கார்டையும் டேபிளில் போட்டுவிட்டு வேலையை விட்டேன். அது ஒன்றுதான் அன்றைக்கு என்னால் முடிந்தது.

அந்த மாதமே பத்திரம் முடிந்தது. முள்காடென்று அடிமாட்டு விலைக்குப் பேசியதில், வந்த பணம் ஆஸ்பத்திரிக் கடனோடு சரியாகப் போய்விட்டது. கையெழுத்துப் போட்ட அடுத்த நாள் பல்லடத்து ஜேசிபி வந்தது. வேடிக்கை பார்க்கப் போகாதே என்று நான் சொல்லியும் அம்மா போனாள். அவள் மாதக்கணக்காகப் பிடுங்கிய காட்டை மத்தியானச் சாப்பாட்டுக்குள் அது வழித்துத் தள்ளிவிட்டது. டிரைவர் ஒரு வடக்கத்திப் பையன். வண்டியை நிறுத்திவிட்டு அம்மாவிடம் தண்ணீர் கேட்டிருக்கிறான். வீட்டுக்கு வந்து, "அரை நாள் வேலைதான் கண்ணு" என்று மட்டும் சொன்னாள்.

இப்போது அங்கே பச்சைத் தகரக் கூரை போட்ட கம்பெனி நிற்கிறது. நான் திருப்பூரில் வேறு கம்பெனியில் சேர்ந்து பார்த்தேன். இருட்டில் வேன் ஏறி இருட்டில் திரும்பினால் அம்மாவின் காலுக்குக் கட்டு மாற்ற ஆளில்லை. புண் மறுபடி பழுத்தது. நடந்து போய் வருகிற தூரத்தில் இருந்த ஒரே வேலை பெரியப்பாவின் வேலை. நான் போய்க் கேட்பதற்கு முன்பே அவர் சொல்லி அனுப்பினார், அம்மாவுக்கும் சேர்த்து. நிற்க முடியாதவள் என்பதால் உட்கார்ந்து பிசிறு வெட்டுகிற வேலை. குழந்தைகளின் பனியன்கள் மலையாகக் குவிந்திருக்கும். அம்மா ஜன்னலோரம் பெஞ்சில் காலை நீட்டிக்கொண்டு ஒவ்வொன்றாக நூலை வெட்டிப் போடுவாள்.

பெரியப்பா வாரத்துக்கு ரெண்டு தடவை வருவார். மத்தியானம் சாப்பாடு கம்பெனியிலேயே போடுகிறார். லைனுக்குள் நடந்து வந்து, எல்லோர் முன்னாலும் அம்மா பக்கத்தில் மட்டும் நிற்பார்.

"சாப்டீங்களா அம்மிணி?"

"சாப்டனுங்க மாமா."

மற்றப் பெண்கள், தம்பி குடும்பத்தை எப்படித் தாங்குகிறார் பாருங்கள் என்று பேசிக்கொள்வார்கள். அம்மாவின் குரலில் ஒரு பிசிறு இருக்காது. முதல் தடவை அதைக் கேட்ட அன்று எனக்கு அவர்மேல் வந்ததைவிட அவள்மேல்தான் அதிகக் கோபம் வந்தது. வீட்டுக்கு வந்து, "அந்தாளுக்குப் பதில் சொல்ல உனக்கு எப்பிடிம்மா வாய் வருது?" என்று கேட்டேன்.

அவள் காலுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"அவரு சோத்தைத் தின்னோமல்ல கண்ணு. கேட்டாச் சொல்லோணுமல்ல."

மறுநாள் மத்தியானம் நான் கம்பெனிச் சாப்பாட்டைத் தொடவில்லை. அதற்கடுத்த நாளிலிருந்து சாப்பிடுகிறேன்.